அக்குளில் அபாயம்

உதை வாங்க ஆசைப்பட்டு, அது கிடைக்காமல் ஏங்கிப் போன புருஷன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

தப்பாக நினைக்காதீர்கள். மனைவியிடம் வாங்குகிற உதை இல்லை. அது கேட்காமலே கிடைக்கும். காலால் இல்லை, கண்ணால். நான் சொல்வது அவள் வயிற்றில் ஆறு மாதமாகக் குடியிருக்கும் சின்ன உருப்படியின் உதை. தினமும் உதைக்கிறது. எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. எதிர் வீட்டு அண்ணி கை வைத்தாள், இரண்டு உதை. என் மனைவி வேலை பார்க்கும் மருந்துக் கடையின் முதலாளியம்மா கை வைத்தாள், மூன்று. மின்சார மீட்டர் பார்க்க வந்த அம்மா நாலே நிமிஷம் நின்றாள், அவளுக்குக்கூட ஒன்று. "நல்லா பலமா உதைக்குதும்மா!" என்று சந்தோஷப்பட்டவள், மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டாள். அப்பன் எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

காரணம், என் அக்குள்.

கர்ப்பமானதிலிருந்து என் வீட்டுக்காரிக்கு மோப்பம் பிரமாதமாகிவிட்டது. முன்பெல்லாம் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது கோபத்துக்கு மேல் மூக்கு வருகிறது. நான் தெருமுனையில் திரும்பும்போதே உள்ளேயிருந்து குரல் கேட்கும்.

"வந்துட்டீங்களா? அங்கயே நில்லுங்க."

நான் லேபிள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். மருந்து பாட்டில், ஷாம்பு, எறும்புப் பொடி என்று எல்லாவற்றின் முதுகிலும் எறும்பு சைசில் எழுத்து இருக்குமே, அதைப் படித்துப் பிழை பிடிப்பதுதான் என் பிழைப்பு. அச்சு இயந்திரத்துக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்பு. அந்தச் சூட்டில் காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்பதால் எனக்கு ஆபீசில் 'புள்ளி சார்' என்று பெயர். ஆபீசில் நான் பெரும்புள்ளி. வீட்டில் முற்றுப்புள்ளி.

வியர்வைக்காக நான் அடித்துக்கொள்வது 'சூறாவளி' என்கிற ஸ்ப்ரே. கறுப்பு டப்பா. நான் அடித்தால் மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருப்பவன் தும்முவான். பதினோரு வருஷப் பழக்கம்.

"அந்தக் கருமத்தை அடிச்சுக்கிட்டுப் பக்கத்துல வராதீங்க. குமட்டுது," என்றாள்.

மறுநாள் அடிக்காமல் போய் நின்றேன்.

"ஐயோ, வியர்வை! குமட்டுது."

"அடிச்சாலும் குமட்டுது, அடிக்கலன்னாலும் குமட்டுதுன்னா நான் என்னதான் செய்ய? அக்குளைக் கழட்டி ஆபீஸ்லயே வச்சுட்டு வரவா?"

"முடிஞ்சா செய்யுங்க."

புலமையைக் காட்டிப் பார்த்தேன். "உனக்கு ஒண்ணு தெரியுமா? நாற்றம்னா அந்தக் காலத்துல நறுமணம்னு அர்த்தம்."

"அப்ப நீங்க அந்தக் காலத்துக்கே போய் இருங்க. குழந்தை பிறந்ததும் சொல்லி அனுப்பறேன்."

கடைசியில் ஆறு டைல்ஸ் என்று தீர்ப்பாயிற்று. எங்கள் வீட்டுத் தரையில் ஒரு டைல்ஸ் ஒரு அடி. அவள் உட்காரும் நாற்காலியிலிருந்து எண்ணி, ஏழாவது டைல்ஸில்தான் நான் நிற்கலாம். படுக்கை ஹால் சோபாவில். அங்கிருந்தபடியே, "இதோ உதைக்குது, இதோ உதைக்குது" என்ற நேர்முக வர்ணனையை மட்டும் நான் கேட்டுக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு தடவை அவள் சமாதானத்துக்கு வந்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "எங்க கடையில மணம் சேர்க்காதது ஒண்ணு இருக்கு. வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "மணமில்லாத சென்ட்டா? மொட்டைத் தலையனுக்குச் சீப்பு விக்கற கதையா இருக்கே! பதினோரு வருஷமா சூறாவளி. இனிமேலும் சூறாவளிதான். இந்த விஷயத்துல என்னை யாரும் மாத்த முடியாது." ஆம்பளை வாக்கு. கொடுத்தாயிற்று. ஏழாவது டைல்ஸில் நின்றுகொண்டு கொடுத்த வாக்கு என்றாலும் வாக்கு வாக்குதானே?

இரண்டு நாள் கழித்துக் குளியலறை அலமாரியில் ஒரு சின்ன வெள்ளை பாட்டிலைப் பார்த்தேன். தலையில் உருண்டை வைத்து, உருட்டித் தடவுகிற வகை. எடுத்துப் படித்தேன். மணம் சேர்க்காதது. அதன் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு துண்டுச் சீட்டு. அவள் கையெழுத்து. 'என்னுடையது. தொட கூடாது.'

அவள் மருந்தாளர். உப்பு டப்பாவில்கூட, திறந்த தேதி எழுதி ஒட்டுகிறவள். அதனால் சீட்டு எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் 'தொடக் கூடாது' என்றல்லவா வர வேண்டும்? 'க்' எங்கே? பேனாவை எடுத்து நடுவில் ஒரு 'க்' போட்டேன். கை தானாகப் போய்விடும். தொழில் அப்படி. பிறகுதான் பாட்டிலைத் திறந்தேன்.

ஒரு தடவை தடவிப் பார்ப்போம், தெரியவா போகிறது என்று தடவினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் குரலே இல்லை. ஏழாவது டைல்ஸில் நின்றேன். மூக்கை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இன்னிக்கு ஒண்ணும் அடிக்கலையே. என்ன பண்ணீங்க?"

"மனசைச் சுத்தமா வச்சுக்கிட்டேன்."

"சரி, ஒரு டைல்ஸ் முன்னாடி வாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து தாராளமாகத் தடவினேன். அக்குளில் மட்டுமா? கழுத்து, முதுகு, உள்ளங்கால், காதுக்குப் பின்னால். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ டைல்ஸ் என்று முன்னேறினேன். மூன்றாவது வாரக் கடைசியில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு டைல்ஸ். கையை நீட்டினால் நாலு விரற்கடைதான் பாக்கி. "நாளைக்கு வாங்க," என்றாள்.

அந்த நாளைக்கு, வெள்ளிக்கிழமை காலை, பாட்டில் காலி. உருண்டை கடகடவென்று வெறுமனே சுற்றுகிறது. குப்புறக் கவிழ்த்தேன். தட்டினேன். குலுக்கினேன். ஒரு சொட்டு இல்லை.

புதிதாக வாங்கி வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர்தான் வழி சொன்னார். "அந்த அயிட்டம் இங்க ஒரே ஒரு மருந்துக் கடையிலதான் வரும் சார். கவுண்டர்ல மாசமா இருக்கற ஒரு அம்மா இருப்பாங்க. ரொம்பத் தங்கமான அம்மா."

தங்கம்தான். உரசிப் பார்ப்பவனுக்கல்லவா தெரியும்!

அன்று அச்சகத்தில் அலுப்பும் வியர்வையுமாக உட்கார்ந்திருந்தபோது, எதிர் வீட்டு அண்ணனிடமிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. அண்ணன் ஓய்வு பெற்ற தபால்காரர். வேலையில் இருந்தவரைக்கும் கடிதத்தை நாலு நாள் கழித்துக் கொடுப்பார் என்று பெயர். இப்போது நாலு நொடி தாங்க மாட்டார். எது வந்தாலும் ஊருக்கே பட்டுவாடா. செய்தி இதுதான்: 'கர்ப்பிணிகளே உஷார்! அக்குளில் அபாயம்! வியர்வையைத் தடுத்தால் அது எங்கே போகும்? உள்ளே போகும். உள்ளே யார் இருக்கிறார்கள்? சிந்திப்பீர்!'

சிந்தித்தேன். காலியான பாட்டிலுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? நான் திருடவில்லை, குழந்தையைக் காப்பாற்றினேன். வீட்டுக்குப் போனதும், வியர்வை மணக்க மறுபடியும் ஏழாவது டைல்ஸில் நின்று கம்பீரமாக ஆரம்பித்தேன்.

"இங்க பாரு, இந்த அக்குள்ல தடவறது, அடிக்கறது எல்லாம் கர்ப்பிணிகளுக்கு ஆகாதாம். அதனால உன் வெள்ளை பாட்டிலை எடுத்துக் கீழே கொட்டிட்டேன்."

அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். "யார் சொன்னா?"

"நிபுணர்."

"தபால்கார அண்ணனா?"

"யாரா இருந்தா என்ன? அதுல அலுமினியம் இருக்கு, தெரியுமா உனக்கு?"

"நான் ஒன்பது வருஷமா மருந்துக் கடையில இருக்கேன். கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்திருக்கீங்க. இருக்கு. தோல் வழியா உள்ள போறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். சாதாரணமா போட்டுக்கறதால வயித்துப் பிள்ளைக்குக் கெடுதல்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. மூணாம் மாசமே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். கிட்னியில கோளாறு இருக்கறவங்க மட்டும் கேட்டுட்டுப் போடணும்னாங்க. வாசனை குமட்டினா மணமில்லாதது போட்டுக்கோ, ஸ்ப்ரேன்னா மூடின ரூம்ல அடிச்சு அதையே மூச்சு இழுக்காதேன்னாங்க. அவ்வளவுதான்."

"வியர்வை உள்ள போய்க் குழந்தை மேல..."

"குழந்தை ஏற்கெனவே தண்ணிக்குள்ளதான் நீந்திக்கிட்டு இருக்கு. உங்க நிபுணருக்கு அதையும் சொல்லுங்க."

விட்டேனா? "கம்பெனிக்காரனே பாட்டில்ல எச்சரிக்கை போட்டிருக்கான். நீ கவனிக்கல."

"அப்படியா? எங்க, பாட்டிலைக் கொண்டாங்க. பார்க்கலாம்."

வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். "ஆபீஸ்ல இருக்கு. ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமை காட்டறேன்," என்றேன்.

சனிக்கிழமை மதியம் இயந்திரக்காரரைத் தாஜா செய்து ஒரே ஒரு லேபிள் அடித்தேன். "என்ன புள்ளி சார், ஒண்ணே ஒண்ணா?" என்றார். மாதிரி என்றேன். பாட்டிலில் இருக்கிற அதே வெள்ளை, அதே நீல எழுத்து, அதே எறும்பு சைஸ். 'எச்சரிக்கை: கர்ப்பிணிகள் இதைப் பயன்படுத்தக் கூடாது. வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கேடு விளைவிக்கும்.' மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தேன். பிழைக்கு வழியே இல்லை. பாட்டிலின் முதுகில் கோணாமல் ஒட்டினேன். என் தொழில் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு லேபிள் வெளிவந்ததில்லை.

ஞாயிறு காலை, சாட்சிக்கு இருக்கட்டும் என்று தபால்கார அண்ணனையும் அழைத்து வந்தேன். நான் ஏழாவது டைல்ஸில். அண்ணன் சோபாவில். அவள் நாற்காலியில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

"பார்த்தியாம்மா?" என்றார் அண்ணன். "தம்பி சொன்னது சரிதான். எழுத்துப்பூர்வமா இருக்கே!"

"எழுத்துதான் அண்ணே இடிக்குது," என்றாள். "கடைக்கு வர்ற அத்தனை லேபிளையும் படிக்கறவ நான். 'பயன்படுத்த கூடாது'ன்னுதான் எல்லா கம்பெனியும் போடும். 'குழந்தைகளுக்கு எட்டாமல்' போட்டா 'எட்டா மல்'னு பிரிஞ்சிருக்கும். தப்பில்லாத தமிழ் லேபிளை நான் பார்த்ததே இல்ல. இதைப் பாருங்க. 'இதை'க்கு அப்புறம் ப் இருக்கு. 'படுத்த'வுக்கு அப்புறம் க் இருக்கு. 'குழந்தைக்கு'வுக்கு அப்புறம் இன்னொரு க். மூணு ஒற்று. மூணும் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."

"அதனால?"

"இப்படி எழுதற கம்பெனி உலகத்துலயே கிடையாது. ஆள் ஒரே ஒருத்தர் இருக்கார். அதோ, ஏழாவது டைல்ஸ்ல நிக்கறார்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். "அப்ப பிழை இல்லாததுதான் பிழையா தம்பி?" என்றார்.

ஒற்று என்றால் இலக்கணத்தில் புள்ளி வைத்த எழுத்து. அதே சொல்லுக்கு உளவு என்றும் ஒரு பொருள் உண்டு. மூன்று உளவாளிகளை நானே அச்சடித்து, நானே பசை தடவி ஒட்டி, எதிரியின் கையில் நானே கொடுத்திருக்கிறேன். இருபது வருஷம் பிழை திருத்தியவன் தன் கல்யாண வாழ்க்கையின் முக்கியமான லேபிளில் ஒரே ஒரு பிழை விட்டிருக்கக் கூடாதா?

"சரி," என்றேன். "நான்தான் அடிச்சேன். பாட்டிலைக் கொட்டலை, தடவிட்டேன். போதுமா?"

"அது எனக்கு முதல் நாளே தெரியும்."

"எப்படி?"

மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்தாள். 'என்னுடையது. தொடக் கூடாது.' நடுவில் என் 'க்'. கறுப்பு மை. அழகான கையெழுத்து.

"சீட்டுல அந்த எழுத்தை நான் வேணும்னேதான் விட்டேன். பாட்டில் பக்கம் நீங்க போனா, திறக்கறீங்களோ இல்லையோ, முதல்ல அதைத் திருத்திட்டுத்தான் மறுவேலை பார்ப்பீங்க. நீங்க தடவின அன்னிக்குச் சாயங்காலமே பார்த்தேன். க் வந்துடுச்சு. அப்பாடான்னு இருந்தது."

"அப்பாடாவா? உன் சாமானை ஒருத்தன் திருடறான், உனக்கு அப்பாடாவா?"

"என் சாமான் என் கைப்பையில பத்திரமா இருக்கு. இது நான் உங்களுக்காக வாங்கினது."

அண்ணன் மெதுவாக எழுந்து, "எனக்குக் கொஞ்சம் பட்டுவாடா பாக்கி இருக்கு," என்று செருப்பைத் தேடினார். போகிற போக்கில் அவர் போனைத் தட்ட ஆரம்பித்ததை நான் பார்த்தேன். இன்னும் பத்து நிமிஷத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். போகட்டும்.

"அப்ப 'தொடக் கூடாது'ன்னு எழுதினியே?"

"'வாங்கிட்டு வரட்டுமா'ன்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க? மொட்டைத் தலை, சீப்பு, பதினோரு வருஷம், என்னை யாரும் மாத்த முடியாது. 'போட்டுக்கோங்க'ன்னு கையில கொடுத்தா தொட்டிருப்பீங்களா?"

சீட்டை வாங்கி இன்னொரு தடவை படித்தேன்.

"அதான் 'தொடாதீங்க'ன்னேன். மூணே வாரத்துல ஒரு பாட்டிலை முடிச்சிட்டீங்க. மனுஷங்க அதை மூணு மாசம் வச்சுக்குவாங்க."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை.

"நீ ஈசியா சிரிக்கற," என்றேன். "எல்லாருக்கும் உதைக்குது. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் உதைக்குது. நான் மட்டும் தூரத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். நாளைக்கு வெளிய வந்ததும் இந்த ஆள் யாருன்னு அது கேட்டா? எனக்குப் பயமா இருந்ததுடி. அதுக்கு என்னைத் தெரியாமலே போயிடுமோன்னு பயம்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கைப்பையை இழுத்து, உள்ளேயிருந்து ஒரு புது வெள்ளை பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். சீட்டு இல்லை. ரப்பர் பேண்ட் இல்லை.

"குளிச்சிட்டு, இதை அளவா போட்டுக்கிட்டு வாங்க. காதுக்குப் பின்னாடியெல்லாம் வேண்டாம். அந்தக் கறுப்பு டப்பாவையும் அப்படியே வெளிய வச்சிடுங்க."

பதினோரு வருஷச் சூறாவளி ஒரு நொடியில் கரை கடந்தது. குளித்தேன். அளவாகத் தடவினேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். ஏழாவது டைல்ஸில் பழக்கதோஷத்தில் கால் நின்றது.

"ஏன் நின்னுட்டீங்க? வாங்க. வர்றப்ப ஃப்ரிட்ஜுல இருந்து ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க, தாகமா இருக்கு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். ஆறு, ஐந்து, நாலு என்று இனி எண்ண வேண்டியதில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். மூக்கைச் சுருக்குகிறாளா என்று பார்த்தேன். இல்லை. என் கையைப் பிடித்து, வயிற்றின் இடப்பக்கம் வைத்தாள். சூடாக இருந்தது. ஒன்றும் அசையவில்லை.

"பேசுங்க," என்றாள்.

என்ன பேசுவது? இருபது வருஷம் அடுத்தவன் எழுதியதைத் திருத்தியே பழகியவன். சொந்தமாக ஒரு வாக்கியம் வரவில்லை. "நான்தான்," என்றேன். "அப்பா. ரொம்ப நாளா பக்கத்துலதான் இருக்கேன். வரத்தான் விடல."

டொம்!

உள்ளங்கை நடுவில். சந்தேகமே இல்லை. இன்னொன்று. டொம்! என் மேல் இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கை வைத்ததில்லை, கால் வைத்ததும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. மூக்கிலும் கண்ணிலும் ஒழுக ஒழுகச் சிரித்தேன்.

"பார்த்தியா? பார்த்தியா? இத்தனை நாள் தள்ளி வச்சியே, என்ன ஆச்சு? குரலை வச்சே அப்பான்னு கண்டுபிடிச்சிடுச்சு பார்த்தியா!"

அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். ரொம்ப அன்பாகத்தான் சொன்னாள்.

"குரலுக்கு இல்லைங்க. நான் ஐஸ் தண்ணி குடிச்சா, யார் கை வச்சாலும் உதைக்கும்."